நம்ம தெருவுக்கு எந்த மரம்? அக்கா சொல்கிறேன், கேளு

கண்ணு, நீ போன வாரம் போனில் கேட்டது இன்னும் மனசிலேயே நிற்கிறது. "எங்க தெருவுக்கு அறுபது மரக்கன்று தர்றாங்களாம்க்கா. எந்த மரம்னு முடிவு பண்ற வேலைய சங்கத்துல என் தலையில கட்டிட்டாங்க. சீக்கிரம் வளரணும், பூ பூக்கணும், அப்படி ஒண்ணு சொல்லேன்." அன்றைக்கு வாசலில் ஆள் வந்துவிட்டதால் அவசரத்தில் வைத்துவிட்டேன். போனில் முடிகிற விஷயமும் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "சீக்கிரம் வளரணும், பூ பூக்கணும்" என்கிற அளவுகோலை இன்றோடு விட்டுவிடு. நாம் வளர்ந்த கடலூர் மஞ்சக்குப்பம் தெருவில் அந்த அளவுகோலில்தான் மரம் வைத்தார்கள். குல்மொஹர், அடுத்து மஞ்சள் பூ பூக்கிற பெருங்கொன்றை, மூலையில் ஒரு தூங்குமூஞ்சி. சித்திரையில் தெருவே சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும், உனக்கும் நினைவிருக்கும். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தாய். காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். சிதம்பரத்திலிருந்து என்னால் உடனே கிளம்ப முடியவில்லை, வழியெல்லாம் மரம். வந்து பார்த்தபோது அம்மா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெரு போய்விட்டது.

அன்றைக்கு நான் செய்த ஒரு காரியம்தான் இன்று உனக்குச் சொல்கிற எல்லாவற்றுக்கும் அடிப்படை. விழுந்த ஒவ்வொரு மரத்தின் வேரையும் குனிந்து பார்த்தேன். குல்மொஹர் வேர் தாம்பாளம் மாதிரி தட்டையாகப் பரவியிருந்தது, ஆழமே இல்லை. பெருங்கொன்றை வேரோடு வரவில்லை, நடுவில் முறிந்திருந்தது. இன்னொரு மரத்துக்கு ஒரு பக்கம் வேரே இல்லை. சில மாதம் முன்பு வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டியபோது வெட்டியிருக்கிறார்கள், அது வெட்டுப்பட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வேரே பந்து மாதிரி சுருண்டிருந்த ஒரு மரமும் இருந்தது. சின்ன வயசில் கறுப்புப் பையில் சுருண்ட வேர், அத்தனை வருஷம் கழித்தும் அப்படியே! ஆக, விழுந்ததற்குக் காரணம் மரத்தின் ஜாதி மட்டும் இல்லை. கன்று வாங்கிய நாள், நட்ட நாள், பள்ளம் தோண்டிய நாள் எல்லாமே அந்த விடிகாலையில் கணக்குக்கு வந்தன. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை கண்ட பலாவும் முந்திரியும்கூடச் சாய்ந்தன. புயலில் விழவே விழாது என்று எந்த மரத்துக்கும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. முதல் காற்றுக்கே விழுகிறதை வைக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

2016 டிசம்பரில் வர்தா வந்தபோது சென்னையும் இதே பாடத்தைப் படித்தது. அங்கேயும் குல்மொஹர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி ஆகியவைதான் நிறையச் சாய்ந்தன. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொஹரும் அமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சியும் வங்கக் கடல் புயலோடு பழகியவை இல்லை. அழகுக்கு ஒன்றிரண்டு வேண்டுமென்றால் பூங்கா நடுவில், காரும் கம்பியும் இல்லாத இடத்தில் வைக்கலாம். தெருவில் வேண்டாம்.

மரத்துக்கு முன்னால் மண்

உன் தெருவில் எந்த மண் என்று தெரியுமா? நம் மாவட்டத்தில் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் மண் மாறிவிடும். தேவனாம்பட்டினம், வண்ணாரப்பாளையம் பக்கம் கடல் மணல், உப்புக் காற்று, பல இடத்தில் போர் தண்ணீரும் கரிப்பு. கேப்பர் மலை ஏறினால் செம்மண், கீழே சரளை. இங்கே சிதம்பரத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே களிமண். மழையில் சேறு, கோடையில் விரல் நுழைகிற வெடிப்பு. கேப்பர் மலையில் அருமையாக வளர்கிற வேம்பு, எங்கள் அண்ணாமலை நகர்ப் பக்கம் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் மஞ்சளாகிச் செத்துப்போகும். வேம்புக்கு வேர் நனைந்தே கிடந்தால் ஆகாது.

அதனால் மூன்று சோதனை செய். பெரிய செலவு இல்லை.

முதலாவது, இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டி, வாய் வரை தண்ணீர் ஊற்று. அது வடிந்ததும் மறுபடி ஊற்று. இரண்டாம் முறை ஊற்றியதுதான் கணக்கு. சில மணி நேரத்தில் வடிந்தால் கவலை இல்லை. மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றால் அது நீர் தேங்கும் இடம், நீர்மருது, புங்கன், நாவல் மாதிரி ஈரம் தாங்குகிறவைதான் அங்கே பிழைக்கும். தெருவில் மூன்று இடத்தில் செய்து பாரு, ஒரே தெருவின் இரண்டு முனையும் இரண்டு மாதிரி இருக்கும். 2015 நவம்பர் வெள்ளத்திலும், 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை பெருகியபோதும் தண்ணீர் எந்த வீட்டுப் படி வரைக்கும் வந்தது என்று பெரியவர்களைக் கேளு. அந்த அடையாளம் எந்தக் குழிச் சோதனையையும்விட நம்பகமானது.

இரண்டாவது, உப்பு. கோடையில் தரையில் வெள்ளையாகப் பூக்கிறதா என்று பாரு. பூத்தால் உவர். காய்ந்தால் கல்லாகவும் நனைந்தால் வழுக்குகிற சேறாகவும் இருந்து, தண்ணீரை உள்ளேயே வாங்காத மண் என்றால் களர். இரண்டும் வேறு வேறு நோய். சந்தேகம் இருந்தால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு மண் எடுத்துப் போ. மேல் மண்ணை மட்டும் சுரண்டிப் போகாதே, ஒரு அடி ஆழத்திலிருந்தும் எடு.

மூன்றாவது, மேலேயும் கீழேயும் என்ன ஓடுகிறது என்று எழுது. மின்கம்பி எந்தப் பக்கம், குடிநீர்க் குழாய் எந்தப் பக்கம், பாதாளச் சாக்கடை எங்கே, அடுத்த இரண்டு வருஷத்தில் வடிகால் கட்டும் திட்டம் ஏதாவது இருக்கிறதா. கடைசிக் கேள்வியை மாநகராட்சி அலுவலகத்தில் நேரே போய்க் கேளு. இதைக் கேட்காமல் நட்ட எத்தனையோ மரம் மூன்றாம் வருஷம் ஜேசிபிக்குப் போயிருக்கிறது. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருந்தால் அவர்களிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிவிடு.

யாரைக் கேட்பது?

மரத்தைப் பற்றிப் புத்தகம் படிக்கலாம், நானும் படித்தேன். ஆனால் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது நான்கு பேர். உன் தெருவிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

முதல் ஆள், தெரு கூட்டுகிற தூய்மைப் பணியாளர் அக்கா. எந்த மரம் எந்த மாதம் எவ்வளவு இலை கொட்டும், எது சாக்கடையை அடைக்கும், எந்தப் பழம் தரையில் நசுங்கி ஈ மொய்க்கும் என்று அவருக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் நாட்டு வாதுமையைப் பற்றி நான் கேட்டபோது அவர் சொன்னார்: "இலை பெருசும்மா, ஒண்ணு போதும், வடிகால் வாய மூடிடும்." வாதுமை உப்புக் காற்றைத் தாங்குகிற நல்ல மரம், கடற்கரைக்கு ஏற்றது. ஆனால் வடிகால் வாய் உள்ள குறுகலான தெருவுக்கு அவர் தீர்ப்புதான் சரி.

அடுத்தது ஈபி லைன்மேன். எந்த மரம் கம்பி மேல் முறிந்து விழுகிறது, எதை வருஷத்துக்கு எத்தனை தடவை வெட்ட வேண்டியிருக்கிறது என்று அவர் சொல்வார். மரமல்லியும் ஏழிலைப்பாலையும் மளமளவென்று நெட்டையாக வளரும், கட்டை மிருது. காற்றில் எது முதலில் ஒடிகிறது என்று அவரிடம் கேட்டாலே போதும். அடுத்து டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள். நிழலை உடம்பால் அளக்கிறவர்கள் அவர்கள்தான். மத்தியானம் இரண்டு மணிக்கு எந்த மரத்தடிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று பாரு. பெரும்பாலும் புங்கன், வேம்பு, புளியாகத்தான் இருக்கும். நெட்டிலிங்கத்தின் கீழே ஒரு ஆட்டோகூட நிற்காது. கடைசியாக, உன் தெருவில் மூச்சுத்திணறல் உள்ளவர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏழிலைப்பாலை பூத்தால் இரவு வாசனை சிலருக்குத் தாங்கவே தாங்காது. கேட்டுவிட்டு முடிவு செய்.

கோனோகார்பஸ் என்று ஒன்று, நர்சரிகளில் பச்சைப்பசேலென்று வைத்திருப்பார்கள். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வளரும், சுவர் மாதிரி அடர்த்தியாக நிற்கும் என்பார்கள். வாங்காதே. அதன் மகரந்தம் ஒவ்வாமை தரும், வேர் குழாய்க்குள் போகும் என்ற புகாரில் 2023-ல் குஜராத் அதை நடத் தடை விதித்தது. தமிழ்நாடு அரசும் 2025-ல் தடை செய்துவிட்டது. இந்த மரத்துக்கு வந்த கதி, பார்க்காமல் பழகாமல் ஊர் முழுக்க ஒன்றை நட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம்.

அறுபதும் ஒரே மரமாக வேண்டாம்

ஒரே மாதிரி வரிசையாக நின்றால் அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பூச்சி வந்தால் தெருவே மொட்டையாகும். அமெரிக்க நகரங்களில் தெருத் தெருவாக எல்ம் மரம் வைத்திருந்தார்கள், டச்சு எல்ம் என்ற பூஞ்சை நோய் வந்து அவற்றை வாரிக்கொண்டு போனது. அதற்குப் பதிலாகப் பல ஊர்களில் ஆஷ் மரம் நட்டார்கள். 2002-ல் டெட்ராய்ட் பக்கம் ஒரு பச்சை வண்டு கண்டுபிடிக்கப்பட்டது, ஆஷும் போனது. அமெரிக்கத் தேசிய மரப் பூங்காவில் இருந்த ஃபிராங்க் சாண்டமூர் 1990-லேயே ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். ஒரு நகரத்தில் ஒரே வகை மரம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரே பேரினம் இருபதுக்கு மேல், ஒரே குடும்பம் முப்பதுக்கு மேல் கூடாது.

சிங்கப்பூரில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கம். அங்கே 1960-களின் கடைசியில் தோட்ட நகரம் என்று ஆரம்பித்தபோது சீக்கிரம் நிழல் வேண்டும் என்று அங்சனா மரத்தின் கிளைகளைப் பெரிய போத்துகளாக வெட்டி நட்டார்கள். நம் வேங்கைக்குச் சொந்தக்கார மரம் அது. நட்டதும் தழைத்தது, ஊரே நிழலானது. 1980-களில் வாடல் நோய் வந்து அடுத்தடுத்துச் சாய்ந்தது. அதன் பிறகுதான் பல வகை மரங்களைக் கலந்து நட்டார்கள்.

"நம்ம வேம்புக்கெல்லாம் எதுவும் ஆகாதுக்கா" என்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். சில வருஷம் முன்பு தெலங்கானாவிலும் நம் பக்கமும் வேம்பின் கொழுந்தெல்லாம் கருகி நின்றதைப் பார்த்திருப்பாய். தேயிலைக் கொசு என்கிற பூச்சியும் ஒரு பூஞ்சையும் சேர்ந்து செய்த வேலை. பல மரம் மறுபடி துளிர்த்தது என்றாலும், தெரு முழுக்க வேம்பாக இருந்த இடத்தில் அந்தக் கோடை எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாரு.

அப்படியானால் எவை?

கடலுக்குப் பக்கத்துத் தெருவுக்குப் புன்னையைத்தான் முதலில் சொல்வேன். உப்புக் காற்று, மணல், புயல் மூன்றுக்கும் பிறந்த மரம். தடித்த இலை, வருஷம் முழுக்கப் பச்சை, வெள்ளைப் பூவில் நல்ல வாசனை. மெதுவாகத்தான் வளரும். உருண்டைக் காய் உதிர்ந்தால் காலில் உருளும், அதனால் பள்ளிக்கூட வாசலில் வேண்டாம். அடுத்தது பூவரசு. நாம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதின அதே மரம். ஆனால் பூவரசில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. நம் ஊரில் அதைப் போத்தாகத்தான் வெட்டி நடுவார்கள், ஆறடிக் கம்பு உடனே மரமாகிவிடும் என்று. போத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேலிக்குச் சரி, தெருவுக்கு விதையிலிருந்து வந்த கன்றுதான் வேண்டும். நர்சரியில் "விதைக் கன்றா, போத்தா?" என்று கேட்காமல் எதையும் வாங்காதே.

சாதாரணத் தெருவுக்குப் புங்கனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. உவரும் தாங்கும், ஈரமும் தாங்கும், கோடையில் அதன் நிழலில் இருக்கிற குளிர்ச்சி தனி. மாசி, பங்குனி வாக்கில் இலையைக் கொட்டிவிட்டு, கத்திரி வெயிலுக்குள் புதுசு போட்டுவிடும். அந்த ஒன்றுக்காகவே அதை நான் மதிக்கிறேன். இலையில் மொட்டு மொட்டாகப் பருக்கள் வரும், சிலந்திப்பேன் செய்வது, பயப்படாதே. கிளை தாழ்வாகப் பிரியும் என்பதால் முதல் நாலு வருஷம் பக்கக் கிளையை வெட்டி எட்டடி வரை தண்டை ஏற்றிவிட வேண்டும்.

மகிழம் என்றால் எனக்கு உயிர். அடர்த்தியான நிழல், உறுதியான கட்டை, காய்ந்தாலும் மணக்கிற பூ. பத்து வருஷம் பொறுமை வேண்டும். அதனால்தான் யாரும் வைப்பதில்லை. நீ வை. இலுப்பையும் மருதும் பெரிய மரங்கள், நாற்பதடி அகலச் சாலைக்கும் குளக்கரைக்கும் ஏற்றவை. நாவல் பழம் தெருவில் நசுங்கினால் வண்டி வழுக்கும், அது மைதான ஓரத்துக்கு. அரசும் ஆலும் கோயிலுக்கும் ஏரிக்கரைக்கும், வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். புளி காற்றுக்கு நன்றாக நிற்கும். நம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஏலம் விட்டுக்கொண்டிருந்த புளியமரங்கள் நான்குவழிச் சாலைக்காகப் போனபோது எனக்கு வீட்டில் ஒருவர் போன மாதிரி இருந்தது. இடமிருக்கிற தெருமுனையில் ஒன்றாவது வை.

கம்பி போகிற பக்கத்துக்கு மந்தாரை, பவளமல்லி, நுணா மாதிரி குட்டையானவை போதும். சரக்கொன்றைக்குத் தனி இடம் கொடு, கம்பிக்குக் கீழே வைத்தால் ஒவ்வொரு வருஷமும் பூக்கிற கிளையாகப் பார்த்து வெட்டிவிடுவார்கள்.

சிதம்பரத்தில் எனக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. கீழவீதி, மேலவீதி, வடக்கு வீதி, தெற்கு வீதி நாலும் தேரோடும் வீதிகள். ஆனியிலும் மார்கழியிலும் தேர் வரும்போது மேலே குறுக்கே எதுவும் இருக்கக் கூடாது. அங்கே நிழல் மரம் கேட்பதே தவறு. அதற்குப் பதிலாக உள்தெருக்களிலும் குளக்கரைகளிலும் கேட்கிறோம். ஒவ்வொரு ஊருக்கும் இப்படி மரம் வைக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கும், அதையும் மதிக்கத்தான் வேண்டும்.

அப்புறம் ஒரு ஆசை. நீ இருக்கிற ஊர் திருப்பாதிரிப்புலியூர், பாதிரி மரத்தின் பெயரில் நிற்கிற ஊர். பாடலீஸ்வரர் கோயிலின் தலமரம் அது. நான் இருக்கிற தில்லைக்கும் மரத்தின் பெயர்தான். தில்லை மரம் பிச்சாவரத்து உப்பங்கழியில் நிற்கிறது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் என் ஊர் மரத்தை என்னால் தெருவில் வைக்க முடியாது. உன் ஊர் மரத்தை வைக்கலாம். இரண்டு ஊருக்கும் புலியூர் என்று பேர் வரக் காரணமான வியாக்ரபாதர், வண்டு தொடுவதற்கு முன் பூப்பறிக்க மரமேறப் புலிக்கால் கேட்டு வாங்கியவர் என்பது உனக்குத் தெரியும். மரமேறிய முனிவரின் ஊரில், ஊர்ப் பெயருக்குக் காரணமான மரத்தை எத்தனை தெருவில் பார்த்திருக்கிறாய்? பாதிரி தெருவில் எப்படி நிற்கும் என்று யாராவது வைத்துப் பார்த்தால்தானே தெரியும். மூன்று கன்று வைத்துப் பாரு.

மூன்று மழைக்காலம்

இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. அறுபதையும் இந்த வருஷமே நடாதே. ஆறு வகை தேர்ந்தெடு, வகைக்கு மூன்று, மொத்தம் பதினெட்டு. ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் தண்ணீர் நிற்கிற முனையில் வை, ஒன்றை மேட்டில் வை, ஒன்றைச் சுவரோரம் வை. மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தால், செத்தது மரத்தாலா இடத்தாலா என்று உனக்கே தெரியாமல் போகும். மீதி நாற்பத்திரண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். பெரிய பைக்கு மாற்றி, இடமுள்ள வீட்டில் வளரவிடு, அல்லது பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொடு. பெங்களூரில் 1980-களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் ஐந்து வருஷத்தில் பதினைந்து லட்சம் மரம் நட்டவர். அவர் முழங்கால் உயரக் கன்றை நடவில்லை, ஆளுயரத்துக்கு மேல் வளர்த்துக் கூண்டோடு நட்டார். ஆடு மாடு திரிகிற நம் தெருவுக்கும் அதுதான் வழி.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. மரத்துக்கு ஒரு பக்கம். நட்ட தேதி, மார்பு உயரத்தில் தண்டின் சுற்றளவு, உயரம். தை மாதமும் ஆனி மாதமும் அளந்து எழுது. வெயிலில் இலை கருகியதா, எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கியது, மாடு கடித்ததா, சிமென்ட் தரை தூக்கியதா, எந்த வீட்டிலிருந்து புகார் வந்தது, என்ன பறவை வந்தது, எல்லாம் எழுது. புயல் எச்சரிக்கை வந்த மறுநாள் காலையில் கட்டாயம் ஒரு சுற்று போய் வா. மூன்று வடகிழக்குப் பருவமழையும் மூன்று கத்திரியும் போன பிறகு, எந்த மரத்தை மீதி இடத்தில் வைப்பது என்று உன் நோட்டே சொல்லும். அதோடு சிதம்பரம், கடலூர், நெல்லிக்குப்பம் என்று போகிற இடமெல்லாம் பத்து, பதினைந்து வயது மரங்களைப் பாரு. உன் கன்றுக்கு இன்னும் ஆகாத வயது அங்கே நின்றுகொண்டிருக்கும்.

சங்கத்தில் "மூணு வருஷமா?" என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நாற்பது வருஷம் நிற்க வேண்டியதற்கு மூன்று வருஷம் அதிகமில்லை என்று நிதானமாகச் சொல்லு.

கன்று வாங்குவதில் ஒரு வார்த்தை. ஒரு அமைப்பு ஒரு தடவை எங்களுக்கு இலவசமாகக் கன்று கொடுத்தது. இறக்கி வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு பையைக் கிழித்துப் பார்த்தேன், வேர் பம்பரக் கயிறு மாதிரி சுற்றியிருந்தது. மொத்தமும் அப்படித்தான். அன்று முதல் எந்த லோடு வந்தாலும், யார் கொடுத்தாலும், கையெழுத்துப் போடும் முன் ஒரு பையைக் கிழித்து வேரைப் பார்க்கிறேன். நீயும் செய். ஓரிரண்டு சுற்று என்றால் கத்தியால் பக்கவாட்டில் கீறி விரித்து நடலாம், கட்டியாகிப் போனதை வாங்காதே. தண்டு கட்டைவிரல் பருமனாவது இருக்கட்டும், உயரம் ஆறடி, எட்டடி. முட்டுக்கம்பை எடுத்தால் தானாக நிற்க வேண்டும்.

குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழம் மூன்றடி. மேல்மண்ணோடு மக்கின சாணம் கலந்து போட்டு மிதித்து நிரப்பு. வேரும் தண்டும் சேருகிற கழுத்து தரை மட்டத்தில் இருக்கட்டும், புதைந்தால் அழுகும். புரட்டாசி கடைசி, ஐப்பசி முதல் மழைதான் நம் கரைக்குச் சரியான நேரம். சுவரிலிருந்து ஆறேழு அடி, பெரிய மரத்துக்கு மரம் இருபத்தைந்து அடி, தெருமுனையில் வண்டி வருவது தெரிகிற அளவுக்கு இடம் விடு. முட்டுக்கம்போடு கட்டும்போது கம்பி வேண்டாம், பழைய துணியோ கயிறோ எட்டு வடிவில் தளர்த்திக் கட்டு, காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும். இரண்டாம் வருஷம் அவிழ்த்துவிடு. அவிழ்க்க மறந்த கட்டு பட்டையை அறுத்து மரத்தையே கொல்வதை நிறையப் பார்த்துவிட்டேன்.

பேவர் பிளாக் போட வருவார்கள். அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டாவது தெருவில் நில்லு. தண்டைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாகவே இருக்க வேண்டும். 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு இட்ட உத்தரவில் இருக்கிற அளவு அது. ஆணி அடிக்கவும், போர்டு மாட்டவும், சீரியல் பல்பு சுற்றவும் விடாதே. வளர்ந்த மரத்தை வெட்டத்தான் வேண்டும் என்று யாராவது வந்தால், ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளு.

தண்ணீர் ஊற்ற முறை போட்டுவிடு. நட்ட முதல் மழையில் எல்லோரும் ஆசையாகத்தான் இருப்பார்கள். சித்திரையில் குடத்தோடு யார் வருவார்கள் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு கன்றும் எந்த வீட்டுப் பொறுப்பு என்று நடும் முன்பே அந்த நோட்டில் எழுதி, அந்த வீட்டில் கையெழுத்து வாங்கிவிடு. சின்னப் பிள்ளை இருக்கிற வீடாக இருந்தால் பிள்ளை பேரை எழுது, அந்த மரம் பிழைத்துவிடும்.

பாதிரிக் கன்று மூன்று என் வீட்டுப் பின்கட்டில் பெரிய பையில் ஆறடிக்கு வந்து நிற்கிறது, மூன்றும் விதைக் கன்று, வேரும் பார்த்துவிட்டேன். புரட்டாசி கடைசி ஞாயிறு வந்து எடுத்துப் போ. வரும்போது குழிச் சோதனை செய்த மூன்று இடத்தின் கணக்கையும் எழுதிக்கொண்டு வா.